பாலம் வந்ததும் பயணிகளை இழந்த பிறை நிலையம்

பினாங்குத் தீவில் ஒரு ரயில் நிலையம் உண்டு, தண்டவாளம்தான் கிடையாது. பெங்காலான் வெல்ட் சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம்தான் அது. இன்று சுங்கத்துறை அலுவலகம், கட்டியது ரயில்வேக்காக. அன்றைய பயணி டிக்கெட்டை இங்கே வாங்கி, ரயில்வேயின் சொந்தப் பெரியில், அதாவது பயணிகள் படகில், எதிரே உள்ள பெருநிலக் கரைக்குப் போய், அங்கே பிறை என்ற ஊரில் வண்டி ஏறினார்.

இன்று ரயில் நிலையம் இருக்கும் பக்கத்து ஊரான பட்டவொர்த்தில் ஏறாமல் ஏன் பிறையில்? பிறை ஆறுதான் காரணம். தெற்கிலிருந்து வரும் பாதைக்குப் பிறை தென்கரை, பட்டவொர்த் வடகரை. ஆற்றைத் தாண்டாமல் கடலைத் தொடக்கூடிய இடம் பிறைதான். 1899இல் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே ரயில் ஓடியது. 1903இல் பாதை கோலாலம்பூர் வழியாகச் சிரம்பான் வரை இணைந்தது. 1918இல் பாதை பாடாங் புசார் எல்லையைத் தொட்டபின் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) இதே வழி. கங்காணியின் கீழ் சரளைக்கல் கொட்டிய தமிழ்த் தொழிலாளி, கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி (எழுத்தர்) என்று அன்றைய மலாயா ரயில்வே முழுக்க நம்மவர் நடமாட்டம்தான்.

1967இல் பிறை ஆற்றின்மேல் சுழல் பாலம் போட்டார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி தூண்மேல் திரும்பி வழிவிடும். அதுவரை ரயில் காத்திருக்கும். உயரமான பாலம் என்றால் ரயில் ஏறிவர நீண்ட சரிவு வேண்டும், தாழ்வாகவே கட்டினால் கப்பல் நுழையாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. பாலம் முடிந்ததும் பயணிகள் முனையம் பெரித் துறைக்குப் பக்கத்திலேயே, பட்டவொர்த்துக்கு மாறியது. பிறைக்குச் சரக்கு மட்டும் மிஞ்சியது. பிறகு இரட்டைப் பாதை போட்டபோது அந்த இடத்துக்கும் புதிய சுழல் பாலமே வந்தது.

பார்க்கப் போகிறவர்கள் விஸ்மா கஸ்தாமில் தொடங்குங்கள். வெளியிலிருந்து மணிக்கூண்டைப் பார்த்தால் போதும். அங்கிருந்து பெரித் துறை நடக்கும் தூரம்தான். பெரிக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். அக்கரையில் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து மையம், அதை ஒட்டியே பட்டவொர்த் ரயில் நிலையம். கொமுட்டர் என்ற உள்ளூர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாமுக்கு டிக்கெட் எடுங்கள். பாடாங் புசார் வண்டியோ ஈப்போ பக்கம் போகும் வண்டியோ, இரண்டும் ஆற்றைக் கடக்கும். ஆடம்பரம் தேடி, நெடுந்தூர விரைவு மின்ரயிலான இடிஎஸ் எடுக்க வேண்டாம். இவ்வளவு குட்டித் தூரத்துக்கு அது வீண் செலவு, விடுமுறை நாளில் இடமும் கிடைக்காது.

பாலம் சட்டென்று வந்து போய்விடும். பட்டவொர்த்தை விட்டதுமே கதவோரம் நின்றுகொள்ளுங்கள், கைப்பேசியைத் தேடுவதற்குள் ஆறு முடிந்துவிடும். பாலம் தாண்டியதும் வருவதுதான் பிறை. அங்கே தண்டவாளத்தில் இறங்கி நடக்க ஆசைப்படாதீர்கள். ரயில்வே நிலம், மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. அடுத்த கொமுட்டருக்கு இடைவெளி நீளம், ஆகவே திரும்பும் வண்டியின் நேரத்தைப் பட்டவொர்த்திலேயே குறித்துக்கொண்டு ஏறுங்கள்.