கடற்கரை வரைபடத்தில் உங்கள் ஊரின் மணல் இருக்கிறதா?

மத்திய அரசின் 2019 ஜனவரி 18 தேதியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்றதும் வீடு கட்டும் தடைதான் பேச்சாகிறது. மீனவ ஊர்களுக்கு அதைவிடப் பெரிது, அதன்படி வரையப்படும் மேலாண்மைத் திட்ட வரைபடம். மீனவக் குடியிருப்பு, ஊரின் பொது இடங்கள், படகுத்துறை, மீன் காயவைக்கும் களம் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. விடுபட்டால் வருவாய்ப் பதிவேட்டில் அது வெறும் புறம்போக்கு. நாளை துறைமுகத்துக்கோ விடுதிக்கோ அந்த நிலத்தைக் கேட்கும்போது, ஊர் தன் உரிமையைக் காட்ட வழியிருக்காது.

செயற்கைக்கோள் படத்தில் கூரை தெரியும்; வலை உலர்த்தும் மணல் வெற்றிடமாகத்தான் தெரியும். கோடையில் அளந்தால் படகுகள் நீரோரமாக நிற்கும். வாடைக் காலத்தில் கடல் ஏறி மணலை அரித்ததும் அதே படகுகள் வீட்டு வாசல் வரை வரும். கரைவலைக்கு இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க நீளமான திறந்த கரை வேண்டும். இவை எதுவும் ஒருநாள் அளவையில் பதிவாகாது.

1:25,000 அளவில் வரைந்த திட்ட வரைபடத்தில் 50 மீட்டர் என்பது வெறும் 2 மில்லிமீட்டர். அதை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. புல எண்களோடு வரும் உள்ளூர் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களோடும் கருவாடு போடும் பெண்களோடும் கரையை நடந்து, ஒவ்வொரு இடத்தின் நான்கு மூலையிலும் கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை குறியுங்கள். எந்த மாதங்களில் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் எழுதுங்கள். களத்தைப் பெண்களிடம் கேட்காததால்தான் பல பட்டியல்களில் அது விடுபடுகிறது.

அடுத்தது மக்கள் அடர்த்தி. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால், 2019 அறிவிக்கைப்படியான திட்டம் ஒப்புதல் பெற்றபின், கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதத்தின்போது கடல்நீர் கரையில் எட்டும் உச்ச எல்லை) 50 மீட்டர் வரைதான் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் வளர்ச்சித் தடை. மற்ற இடங்களில் 200 மீட்டர். ஊரின் பரப்பில் உப்பளத்தையும் வயலையும் சேர்த்துக் கணக்கிட்டால் அடர்த்தி குறைந்து, நெருக்கமான குப்பம்கூட 200 மீட்டருக்குள் மாட்டும். எந்த எல்லையை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். அதேசமயம், 50 மீட்டர் என்பது விடுதி கட்டுவோருக்கும் கரையைத் திறந்துவிடும். ஆகவே பொது இடங்களை முதலில் வரைபடத்தில் ஏற்றாமல் அந்தச் சலுகையைக் கேட்பது ஆபத்து.

வரைவுத் திட்டத்தின் மீது நடக்கும் மாவட்ட அளவிலான கருத்துக்கேட்பில் வாய்ப்பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கிராம சபைத் தீர்மானம், புல எண் பட்டியல், குறித்த வரைபடம் மூன்றையும் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.