எல்கேஜி போற குட்டிங்களுக்கு ஒரு ரக்கூன் கதை

ஜூன் வந்துட்டா நீலகிரி மலையில எங்க கட்டபெட்டு பக்கம் வேன் ஸ்டாப்புல காலையில ஒரே அழுகைதான், எல்கேஜி பிள்ளைங்க ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கிட்டு அம்மா துப்பட்டாவ விடமாட்டேங்குதுங்க. அந்த அம்மாங்களுக்கெல்லாம் நான் சொல்ற புத்தகம் ஆட்ரி பென் எழுதின 'தி கிஸ்ஸிங் ஹேண்ட்', 1993ல வந்த அமெரிக்கப் புத்தகம்.

செஸ்டர்னு ஒரு ரக்கூன் குட்டி, ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு காட்டோரமா நின்னு அழுவுது. அம்மா அதோட கைய விரிச்சு உள்ளங்கை நடுவுல ஒரு முத்தம் குடுத்து, வீட்டு ஞாபகம் வந்தா இந்தக் கைய கன்னத்துல வச்சுக்கோன்னு சொல்லுது.

ரக்கூன் நம்ம ஊர்ல கிடையாது. மரநாய் மாதிரி இருக்கும், கண்ணச் சுத்தி கருப்புப் பட்டைன்னு என் பொண்ணுக்கு சொன்னேன். ராத்திரி நடமாடுற பிராணிங்கறதால கதையில ஸ்கூலும் ராத்திரிதான், அதக் கேட்டதும் "அப்போ டீத் தோட்டத்துக்கு வர்ற கரடியும் ஸ்கூலுக்குத்தான் போகுதாம்மா"ன்னா. நிஜமாவே ரக்கூனுக்கு கையிலதான் தொடு உணர்ச்சி ரொம்ப ஜாஸ்தி, தண்ணிக்குள்ள இருக்கற இரையக்கூட தடவியே கண்டுபிடிச்சிடும், அந்தக் கையில போய் முத்தத்த வச்சிருக்காங்க பாருங்க, அவ்ளோ பொருத்தம்!

எனக்கு உசுரு கடைசிப் பக்கங்கதான். ஸ்கூலுக்குள்ள போறதுக்கு முன்னாடி செஸ்டர் அம்மா கையப் புடிச்சு அதுலயும் ஒரு முத்தம் வைக்குது. விட்டுட்டுப் போறது அம்மாவுக்கும் கஷ்டம்னு அந்தக் குட்டிக்குப் புரிஞ்சிருக்கு, அழுதுட்டு இருந்தது இப்போ அம்மாவத் தேத்துது. இத வாசிக்கிறப்பல்லாம் எனக்கு தொண்டை அடைச்சிடும்.

எங்க வீட்ல முத்தம் குடுத்த கையோட உடனே கிளவுஸ் மாட்டி விட்டுடுவேன், குளிருக்கும் ஆச்சு, முத்தமும் பத்திரம்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அழாத பிள்ளையையும் இந்தக் கதை அழ வச்சிடும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, உள்ள இருக்கற பயம்தானே வெளிய வருது, வரட்டுமே. ஆனா ஸ்கூல் திறக்கற அன்னிக்குக் காலையில அவசர அவசரமா வாசிக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே ராத்திரி தூங்கறப்போ தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சுடுங்க. அம்மா அப்பா திருப்பூர், கோயம்புத்தூர்னு வேலைக்குப் போயிட்டு பாட்டிகிட்ட வளர்ற பிள்ளைங்க நம்ம பக்கம் நிறைய இருக்காங்க, அவங்களுக்கு அம்மா ரக்கூன பாட்டி ரக்கூனா மாத்திச் சொல்லுங்க, கதை ஒண்ணும் கொறஞ்சிடாது.