தலைப்புச் செய்தியில் ஒரு சொல்

சென்ற வாரம் அம்மாவின் சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது, தட்டில் விரித்திருந்த பழைய நாளிதழ் ஒன்றில் எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: 'மாணவி கற்பழிப்பு'. இரண்டே சொற்கள். அந்தத் தலைப்பில் குற்றம் செய்தவன் எங்கேயும் இல்லை. இருப்பவள் அந்தப் பெண் மட்டுமே, அவளும் எதையோ இழந்துவிட்டவளாகவே நிற்கிறாள்.

தொல்காப்பியத்தின் கற்பியல், பெண்ணைப் பெற்றோர் கொடுக்க, கரணம் என்னும் மணச்சடங்கோடு தலைவன் ஏற்கும் மணவாழ்வையே கற்பு என்கிறது. பின்னாளில் அச்சொல் பெண்ணின் உடலுக்குள் பூட்டப்பட்டு, யாரோ ஒருவனுடைய வன்முறையால் 'அழிந்துவிடக்கூடிய' பொருளாகச் சுருங்கியது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில், இக்குற்றத்தை வரையறுத்த 375ஆம் பிரிவு கேட்டதுகூடப் பெண்ணுடைய விருப்பத்தையும் சம்மதத்தையும் பற்றித்தான். சட்டம் சம்மதத்தைப் பேசிக்கொண்டிருக்க, நம் செய்தி மொழி மானத்தைப் பேசிக்கொண்டிருந்தது.

பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு என்ற சொற்கள் இன்று பரவலாகிவிட்டன. பெண்ணியவாதிகள் விடாமல் வலியுறுத்தியதற்கு அதில் பெரும் பங்குண்டு. ஆயினும் பழைய சொல் இன்னும் காதில் விழுகிறது. 'பாலியல் வன்கொடுமை' தலைப்புக்கு நீளம் என்று சொல்பவர்கள், 'கற்பழிப்பு', 'வன்புணர்வு' இரண்டையும் எழுதி எண்ணிப் பார்க்கட்டும்: இரண்டிலும் ஆறெழுத்துகளே.