62 பேர் உள்ளே இருக்கும்போதே கட்டிடத்தைப் பெரிதாக்கிய கதை

முதியோர் குடியிருப்பு ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். 62 பேர் வசித்த எங்கள் கட்டிடத்தோடு 28 அறைகள் கொண்ட புதுப் பகுதி ஒன்றை ஒட்டிக் கட்டினோம். 16 மாதம் ஆனது. அத்தனை நாளும் குடியிருப்பவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், ஒருவரையும் வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. இதே வேலையைத் தொடங்கப்போகிற தோழி ஒருத்தி "எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் மாதம் மோசமாகத்தான் போனது. வேலை தொடங்கும் முன் நிர்வாகம், கான்ட்ராக்டர், வடிவமைப்பாளர் என்று எல்லோரும் பல முறை உட்கார்ந்து பேசியிருந்தார்கள், ஆனால் அந்த மேசையில் பராமரிப்பு ஆட்கள் யாரும் இல்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் ஒரு கால அட்டவணை மட்டும். அதில் "முதல் மாடி மின் இணைப்பு, 3 நாள்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம், பாதிப் பேர் படுத்திருக்கும் நேரம், எலக்ட்ரீஷியன் ஒரு பிரேக்கரை அணைத்தார். பேனலில் அதன் பக்கத்தில் "ஸ்டோர் ரூம்" என்று எழுதியிருந்தது. அணைந்தது முதல் மாடியில் நான்கு அறைகள். அவற்றில் இரண்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அந்த மெஷினும் நின்றுவிடும், கத்தும், அவ்வளவுதான். நல்லவேளையாக அலாரம் கேட்டதும் எங்கள் பெண்கள் ஓடிப்போய் சிலிண்டரை மாட்டிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குக் கை நடுங்கியது. கீழே போய் அந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கத்தினேன். அவர் முழுவதையும் நின்று கேட்டுவிட்டு, "சிஸ்டர், போர்டுல எழுதியிருந்ததை நம்பித்தான் அணைச்சேன்" என்றார்.

அது உண்மை. அந்த எழுத்து எங்களுடையது. பல வருஷமாக ஏசி மாற்றியது, அறையைப் பிரித்தது, கூடுதல் பாயின்ட் போட்டது என்று எத்தனையோ நடந்திருக்கிறது, பேனலில் இருந்த பெயர்களை மட்டும் யாரும் திருத்தவே இல்லை.

மறுநாள் அவர் ஒரு யோசனை சொன்னார். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது எங்கே போகிறது என்று எழுதிவிடலாம், ஆனால் அறைக்குள் நிற்க உங்கள் ஆட்கள் வேண்டும் என்றார். இரண்டு நாள் எடுத்தோம். ஆக்சிஜன், காற்று மெத்தை, சளி உறிஞ்சும் கருவி இருக்கிற அறைகளுக்கு முதலில் சிலிண்டரும் பேட்டரியும் வைத்தோம். பிறகு அவர் பேனலிலும் எங்கள் பெண் ஒருத்தி மாடியிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இப்ப அணைக்கிறேன்", "11 போச்சு, 12ல பாத்ரூம் மட்டும் போச்சு, போடுங்க" என்று ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தார்கள். 12ஆம் அறையின் கட்டில் பக்க பிளக் ஒரு லைனில், பாத்ரூம் விளக்கு வேறு லைனில் என்பது போலப் பத்துப் பதினைந்து விஷயம் வெளியே வந்தது. அந்த வரைபடம் கையில் இல்லாவிட்டால் மீதி 15 மாதத்தை ஓட்டியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், செங்கல் இறங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

அந்த இரண்டு நாளில்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானோம். அதற்குப் பிறகு தினமும் காலை 8.40க்கு, நின்றபடியே, 15 நிமிஷம் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். சைட் சூப்பர்வைசர், எலக்ட்ரீஷியன், அன்றைய ஷிஃப்ட் சிஸ்டர், சமையலறைப் பொறுப்பாளர், துப்புரவுப் பொறுப்பாளர், அப்புறம் குடியிருப்பவர்களில் ஒருவர். இன்று எங்கே சத்தம், எது ஷட்டவுன், எந்த வழி மூடப்படும். காலையில் சொல்லாத எதையும் அன்று செய்யக்கூடாது. அவசரம் என்றால் சிஸ்டர் வேலையை நிறுத்தச் சொல்லலாம், சூப்பர்வைசர் காரணம் கேட்காமல் நிறுத்துவார், காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இதற்கு அவர் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம், ஏனென்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நாங்களும் சொல்ல வேண்டியது இருந்தது. ஒரு காலையில் சிஸ்டர், "14ல இருக்கிற அம்மா கடைசிக் கட்டத்தில இருக்காங்க, பிள்ளைங்க எல்லாம் வந்திருக்காங்க" என்றாள். அன்று அந்த அறைக்கு நேர் கீழே சுவரைத் துளைக்கும் வேலை இருந்தது. சூப்பர்வைசர் மேஸ்திரியைப் பார்த்தார். ஆட்களை மறு கோடிக்குப் பூச்சு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அந்தப் பக்கம் ஒரு சுத்தியல் சத்தம் வரவில்லை. நாலாம் நாள் காலை மீட்டிங்கில் அந்த அம்மா போய்விட்டார் என்று சொன்னபோது மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தூசி விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதமாகவே இருந்தோம். பழைய சுவரை இடிக்கும்போது ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சையின் வித்துகள் தூசியோடு கிளம்பும். நமக்கு ஒன்றும் செய்யாது, நுரையீரல் கெட்டவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வேலை நடக்கும் பக்கத்தையும் எங்கள் பக்கத்தையும் பிரிக்கும் தடுப்பு பொய்க்கூரையோடு நிற்காமல் மேல் கான்கிரீட் வரை போக வேண்டும், இல்லாவிட்டால் கூரைக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாகத் தூசி இந்தப் பக்கம் வந்துவிடும். வேலை நடக்கும் பக்கத்துக் காற்றை ஃபேன் வைத்து ஹெப்பா ஃபில்டர் வழியாக வெளியே இழுத்துவிட்டார்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ஃபில்டர் அது. அங்கே காற்றழுத்தம் குறைந்தால் நம் பக்கத்துக் காற்று அங்கே போகும், அங்கிருந்து இங்கே வராது. இது ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துப்புரவுப் பொறுப்பாளர் தினமும் காலையில் தடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே இழுத்தால் சரி. ஏழாம் மாதம் ஒரு நாள் அது அசையாமல் தொங்கியது. ஃபில்டர் அடைத்துப்போயிருந்தது. மாற்றிய பிறகுதான் அன்றைய வேலை தொடங்கியது.

அந்தத் தடுப்பைப் பற்றி ஒரு சண்டையும் நடந்தது. பாதுகாப்புக்காக எங்கள் பக்கத்திலும் சிவப்பு வெள்ளை டேப்பும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்றார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு அந்த டேப் பிடித்து இழுக்க ஒரு பொருள், பூட்டிய கதவு திறந்து பார்க்க வேண்டிய கதவு. எங்கள் பராமரிப்புப் பெண் ஒருத்தி, கதவு தெரியாமல் முழுப் பலகைக்கும் தாழ்வாரச் சுவரின் பெயின்டையே அடித்துவிட்டு முன்னால் ஒரு நாற்காலி போடலாம் என்றாள். டேப்பும் பலகையும் வேலை நடக்கிற பக்கம் மட்டும். செய்தார்கள். தினமும் சாயங்காலம் அங்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பிறகு அங்கே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். தாழ்வாரத்தில் விரித்த கறுப்பு மிதியடியையும் எடுக்கச் சொன்னோம். அவர்களில் சிலருக்குத் தரையில் கறுப்பு என்றால் பள்ளம், தாண்டப் பார்த்து விழுவார்கள்.

சத்தமான வேலை காலை 10 முதல் 12.30 வரை மட்டும். காது மெஷின் போட்டவர்களுக்கு டிரில் சத்தமும் பெரிதாகித்தான் கேட்கும் என்பது சூப்பர்வைசருக்குப் புதுச் செய்தி.

மீட்டிங்குக்கு வந்த குடியிருப்பவர் ஓய்வுபெற்ற கட்டிடப் பொறியாளர். வரைபடத்தைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தவர், பழைய தரையும் புதுத் தரையும் சேரும் இடத்தில் 7 செ.மீ. ஏற்றம் வரும் என்று கண்டுபிடித்தார். புதுப் பக்கத்தில் டைல் கனத்தையும் அடிக்கலவையையும் யாரோ கணக்கில் சேர்க்கவில்லை. 12க்கு 1 என்ற சரிவுக் கணக்குப்படி 7 செ.மீ.க்கு 84 செ.மீ. நீளம் வேண்டும். அந்த நீளத்துக்குள்ளேயே தீத்தடுப்புக் கதவு வந்து நின்றது. சக்கர நாற்காலியில் வருபவர் சரிவில் நின்றுகொண்டு கதவைத் திறக்க முடியாது. கான்கிரீட் போடும் முன்பே தெரிந்ததால் சரிவைப் புதுப் பக்கமாக உள்ளே தள்ளினார்கள். ஐயா அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மீட்டிங்கைத் தவறவிடவில்லை.

கட்டி முடிந்தும் அனுமதிக்காக ஐந்து வாரம் புது அறைகள் காலியாகக் கிடந்தன. குழாயில் தண்ணீர் தேங்கினால், அதுவும் 20 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால், கடுமையான நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். அதனால் வாரம் இரண்டு முறை 28 அறைகளிலும் குழாய், ஷவர் எல்லாவற்றையும் திறந்து ஓடவிட வேண்டும். யார் செய்வது என்று கேட்டபோது இரவுக் காவலர் தானாகவே எடுத்துக்கொண்டார், தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

புது அறைகளுக்கு மாற்றும் நாளுக்கு முன் ஒவ்வொருவர் கட்டில் பக்கத்தையும் போட்டோ எடுத்தோம். கண்ணாடி, தண்ணீர், விளக்கு சுவிட்ச் எங்கே என்பது கைக்குத் தெரியும், இருட்டில் கை அதைத்தான் தேடும். ஒரு நாளைக்கு நான்கு பேர் மட்டும். ஒரு ஐயாவுக்குப் பழைய அறையில் பாத்ரூம் இடது பக்கம், புது அறையில் வலது பக்கம். ராத்திரி எழுந்தால் இடது பக்கம்தான் போவார், அங்கே சுவர். சாயங்காலம் ஆறு மணிக்கு இதைக் கவனித்தோம். சூப்பர்வைசர் கிளம்பிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து, எங்களோடு சேர்ந்து கட்டிலைத் தலைமாடும் கால்மாடும் இடம் மாறும்படி திருப்பிப் போட்டு, அழைப்பு மணியின் வயரை நீட்டி, கைப்பிடியையும் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மணி ஒன்பது ஆகியிருந்தது.

மறுநாள் காலை 8.40க்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா ராத்திரி எழுந்தாரா?" இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் சரியாகப் போய்ப் படுத்தார் என்றாள் சிஸ்டர்.