தெளிந்த வானத்தில் ஒரு சாய்வு

பிப்ரவரி 8, 2025, சனி

அக்கா வீட்டிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூருவில் ஏடிஆர் ஏறினோம், காத்தாடி சுற்றும் சின்ன விமானம். எங்களுக்கு முன்னால் பெரிய விமானம் ஒன்று கிளம்பியது. கொஞ்சம் காத்திருந்துதான் நாங்களும் போனோம். மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம், ஒரு பொட்டு மேகம் இல்லை, டக்கென்று இடது இறக்கை கீழே போய்விட்டது, ஜன்னலில் வானம் இருந்த இடத்தில் ஏரியும் வயலும். மூன்று நான்கு நொடிதான். வயிற்றை அழுத்துகிறது என்று அம்மா பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார், தோள் ஜன்னலோரச் சுவரில் இடித்துவிட்டது. முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழல் என்று விமானி உடனே சொன்னார். அதற்கப்புறம்தான் அம்மா என் கையை விட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சித்தப்பாவின் பைபர் படகருகே இதைச் சொன்னேன். "விசைப்படகு போன தடத்துல உடனே குறுக்க போவ மாட்டோம்டா, அலை அடங்கட்டும்னு விட்டுதான் போவோம்" என்றார்.

வானத்திலும் அதேதான். இன்ஜின் புகை தள்ளுவது என்று நினைத்திருந்தேன், இல்லை. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு, அதனால் நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு ஏறி, இரண்டு பக்கமும் கயிறு திரித்த மாதிரி பின்னால் நீள்கிறது. விமானம் கனமாகவும் மெதுவாகவும் போனால் சுழலுக்கு பலம் அதிகம். நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்குமாம். காற்று அசையாத நாளில் சீக்கிரம் கலையாது. நேற்று அப்படித்தான், மரத்தில் இலை ஆடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

2017 ஜனவரியில் அரபிக்கடல் மேல் நடந்ததைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மாலேயிலிருந்து பெர்லின் போன சேலஞ்சர் 604 என்ற சின்ன ஜெட் விமானம், 1,000 அடி மேலே எதிரில் கடந்த ஏ380 என்ற இரண்டடுக்கு ராட்சத விமானத்தின் சுழலில் சிக்கிப் பலமுறை உருண்டு, சுமார் 9,000 அடி இறங்கி, மஸ்கட்டில் தரையிறங்கியிருக்கிறது. பெல்ட் போடாதவர்கள் உள்ளேயே தூக்கி வீசப்பட்டார்கள். யாரும் சாகவில்லை. அம்மாவின் பெல்ட்டை நான் ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தோளில் நீலம் மஞ்சளாகிவிட்டது. மாசி மகத்துக்கு அக்கா பிள்ளைகளோடு அதே விமானத்தில்தான் வருகிறாள். சின்னவன் பெல்ட்டை நீயே இறுக்கிவிடு, இறங்குகிற வரைக்கும் அவிழ்க்க விடாதே என்று இப்போதுதான் போனில் சொன்னேன்.