மூன்றாம் தரப்புத் தளங்களில் மலிவு விமான டிக்கெட்: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை, கட்டிய அன்றே செய்ய வேண்டியவை

ஒரே விமானம், ஒரே தேதி. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒரு விலை. பெயரே கேள்விப்படாத ஒரு ஏஜென்சித் தளத்தில் அதைவிடக் குறைந்த விலை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த மலிவை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்றவை தேடல் தளங்கள். விலையைக் காட்டிவிட்டு, பெரும்பாலும் வேறொருவரிடம் நம்மை அனுப்பிவிடுகின்றன. எக்ஸ்பீடியா, டிரிப்.காம், கிவி.காம் போன்றவை டிக்கெட்டை விற்கும் ஏஜென்சிகள். "ஸ்கைஸ்கேனரில் வாங்கினேன்" என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் வாங்கியது வேறொரு ஏஜென்சியிடம். சிக்கல் வரும்போது யாரைக் கூப்பிடுவது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. பணம் கட்டும் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, விதிமுறைப் பக்கத்தில் அது எந்த நாட்டில் பதிவானதாகச் சொல்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவதற்குக் காரணங்கள் சில உண்டு. விமான நிறுவனங்கள் மொத்த விற்பனையாளர்களுக்குப் பொதுவில் காட்டாத கட்டணங்களைக் கொடுக்கின்றன. ஏஜென்சி அதை வாங்கி விற்கும். இது உண்மையான மலிவுதான். ஆனால் அந்தக் கட்டணத்துக்கு மைல் (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்) சேராமல் போகலாம், தேதி மாற்றத்தை விற்ற ஏஜென்சியிடமே கேட்க வேண்டியிருக்கலாம். சில தளங்கள் இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளை ஒட்டி, போய்வரும் பயணமாகக் காட்டுகின்றன. சில, அதே டிக்கெட்டை விலை குறைவாக உள்ள வேறொரு நாட்டில் விற்பதாகப் பதிவு செய்கின்றன. இன்னும் சில, டிக்கெட்டை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ கொடுத்துவிட்டு இருக்கைத் தேர்வு, லக்கேஜ், "பிரீமியம் உதவி", எஸ்.எம்.எஸ் அறிவிப்பு, கேன்சல் பாதுகாப்பு ஆகியவற்றில் லாபத்தை எடுக்கின்றன. கடைசி வகைத் தளத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் நிராகரித்து விமானத்தை மட்டும் வாங்கினால் லாபம் நமக்கு. அப்படி வாங்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு அந்தத் தளம் மலிவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் சேவைகளை முன்கூட்டியே டிக் செய்து வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படி விதி இல்லாத இடங்களில் ஒவ்வொரு டிக்கையும் நாமே பார்த்து நீக்க வேண்டும்.

தேடும்போது விலை கூடினால், "குக்கீ வைத்து என்னைக் கண்காணிக்கிறார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. தேடல் தளம் காட்டுவது சற்று நேரத்துக்கு முன் சேமித்து வைத்த விலை. சொடுக்கி உள்ளே போனதும் உண்மையான இருப்பு சரிபார்க்கப்படுகிறது, அதற்குள் அந்த மலிவு வகுப்பு தீர்ந்திருக்கலாம். இங்கே வகுப்பு என்பது எகானமிக்குள்ளேயே ஒவ்வொரு ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் கட்டணப் படிகளைச் சொல்கிறது. ஒவ்வொரு படியிலும் எத்தனை இருக்கை உண்டு என்று ஏஜென்சிக்கு 9 வரைதான் தெரியும். அதற்கு மேல் இருந்தாலும் 9 என்றே காட்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள், கீழ்ப்படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்கும் சேர்த்து மேல்படி விலையே வரும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை இறங்கினால் மூன்றையும் ஒன்றையும் தனித்தனியாக வாங்கலாம். அப்போது பி.என்.ஆர் (முன்பதிவுக் குறியீடு) இரண்டாகிவிடும், ஒரு விமானம் ரத்தானால் இரண்டு குழுவும் வெவ்வேறு விமானங்களுக்கு மாற்றப்படலாம். குழந்தை இருக்கும் பி.என்.ஆரில் பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும். வாங்கியதும் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது உண்மையான விலையைக் கணக்கிடுவது. மலிவாகத் தெரியும் பல கட்டணங்கள் "லைட்" வகை, செக்-இன் லக்கேஜே கிடையாது. ஏஜென்சிப் பக்கத்தில் சூட்கேஸ் படம் போட்டிருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். எத்தனை பெட்டி, எத்தனை கிலோ என்று எழுத்தில் இருக்க வேண்டும். இ-டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் நேராக "1 பி.சி" என்றோ "30 கே" என்றோ இருக்கும். முதலாவது ஒரு பெட்டி, எகானமியில் பொதுவாக 23 கிலோ. இரண்டாவது மொத்தம் 30 கிலோ. "0 பி.சி" என்றால் ஒன்றும் இல்லை. லக்கேஜை ஏஜென்சி வழியாகச் சேர்ப்பதைவிட விமான நிறுவனத் தளத்தில் நேரடியாகச் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். விலை பெரும்பாலும் குறைவு, பதிவிலும் உடனே ஏறிவிடும். வெளிநாட்டு நாணயத்தில் பணம் எடுக்கும் தளமானால் கார்டு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். "உங்கள் சொந்த நாணயத்திலேயே கட்டலாம்" என்று தளம் தானாக மாற்றிக் காட்டினால், அந்த மாற்று விகிதம் பொதுவாக வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

இவ்வளவும் சேர்த்த பிறகு வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள் என்றால் விமான நிறுவனத்திடமே வாங்குங்கள் என்பது என் கருத்து. கைக்குழந்தை, சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர், மாறக்கூடிய தேதி ஆகியவை இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகமாக இருந்தாலும் நேரடியாகவே வாங்கலாம். ஏஜென்சி பொருந்துவது தேதி உறுதியான, ஒரே டிக்கெட்டில் அடங்கும், எளிமையான பயணத்துக்கு.

தானே மாறிக்கொள்ளும் பயணம்

மிகப் பெரிய இழப்புகள் நடப்பது இங்கேதான். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு டிக்கெட்டுகளை உங்களுக்கு விற்கிறார்கள் என்று பொருள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

லக்கேஜ் கடைசி ஊர் வரை போகாது. நடுவில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். சர்வதேச விமானங்களின் செக்-இன் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், மூன்று மணி நேர இடைவெளி எனக் காட்டுவது உண்மையில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

வெளியே வர அந்த நாட்டுக்குள் நுழையும் உரிமை, பல நேரம் விசா, வேண்டும். பலர் கவனிக்காத இடம் இதுதான்: சிக்கல் நடுவழியில் தொடங்குவதில்லை, புறப்படும் ஊரிலேயே தொடங்குகிறது. முதல் விமான நிறுவனத்தின் கணினியில் உங்கள் பயணம் அந்த இடைநாட்டோடு முடிகிறது. ஆகவே அந்த நாட்டுக்குள் நுழையும் உரிமை இருக்கிறதா என்று கவுண்டரில் கேட்பார்கள். இல்லையென்றால் ஏற்றவே மாட்டார்கள். டிரான்சிட் விசா இருந்தாலும், அது விமான நிலையத்துக்குள் இருக்க மட்டும் அனுமதிக்கும் வகையானால் பெட்டியை எடுக்க வெளியே வர முடியாது.

விமான நிலையம் மாறுகிறதா என்றும் பாருங்கள். லண்டனில் ஹீத்ரோவும் கேட்விக்கும், பாரிஸில் சார்ல் து கோலும் ஓர்லியும், டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும், பாங்காக்கில் சுவர்ணபூமியும் டான் முவாங்கும், இஸ்தான்புல்லில் புதிய விமான நிலையமும் சபீஹா கோக்சென்னும் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. தேடல் பட்டியலில் ஊர்ப்பெயர் மட்டும் தெரியும், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

சில தளங்கள் இத்தகைய பயணத்துக்குத் தங்கள் சொந்த உத்தரவாதத்தை விற்கின்றன. அதன் நிபந்தனைகளில் இரண்டைத் தேடிப் படியுங்கள்: மாற்று டிக்கெட்டை நீங்களே வாங்குமுன் அவர்களிடம் தெரிவிக்க வேண்டுமா, விசா இல்லாததால் தடுக்கப்பட்டால் ஈடு உண்டா. அந்த உத்தரவாதத்தை நம்பி இடைவெளியைக் குறைத்துக்கொள்வதைவிட, நடுவில் ஒரு இரவு தங்குவதுபோல் அமைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பெயரும் மின்னஞ்சலும்

பெயரை பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே "<<<" குறிகளோடு அச்சிட்ட இரண்டு வரிகளைப் பார்த்து உள்ளிடுங்கள். அதில் முதல் வரியில் குடும்பப் பெயர் முதலில், பிறகு சொந்தப் பெயர். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு இங்கே எப்போதும் குழப்பம்: சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு முறையைக் கேட்கின்றன. ஏஜென்சியின் படிவம் அதைச் சொல்லாது. பறக்கப்போகும் நிறுவனத்தின் தளத்தில் அதன் விதியைப் படித்துவிட்டு நிரப்புங்கள். டிக்கெட் வெளியான பிறகு பெயரை வேறொருவருக்கு மாற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்தவும் ஏஜென்சி வழியாக மறுவெளியீடு தேவைப்படலாம்.

மின்னஞ்சலும் தொலைபேசியும் உங்களுடையவையாக இருக்கட்டும். ஆனால் நீங்கள் கொடுத்ததை ஏஜென்சி விமான நிறுவனத்துக்கு அனுப்பும் என்று உறுதியில்லை. சில ஏஜென்சிகள் தங்கள் சொந்த முகவரியையே பதிவில் போடுகின்றன.

பணம் கட்டிய பிறகு

"உங்கள் முன்பதிவு பெறப்பட்டது" என்ற மின்னஞ்சல் டிக்கெட் இல்லை. ஏஜென்சி முதலில் அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் போன்ற ஒரு விநியோக அமைப்பில் இருக்கையைப் பிடிக்கிறது. அதற்கு ஆறு எழுத்து-எண் கொண்ட பி.என்.ஆர் கிடைக்கும். குறிப்பிட்ட கெடுவுக்குள் டிக்கெட்டை வெளியிடாவிட்டால் விமான நிறுவனத்தின் கணினி அந்த இடத்தைத் தானாகவே ரத்து செய்துவிடும். வெளியிட்டதற்குச் சான்று 13 இலக்க இ-டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும்: எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, லுஃப்தான்சா 220. சில பட்ஜெட் நிறுவனங்கள் மட்டும் இந்த முறையில் இல்லை, அங்கே முன்பதிவு எண் ஒன்றே போதும்.

ஏஜென்சியின் ஆர்டர் எண்ணும் விமான நிறுவனத்தின் பி.என்.ஆரும் வேறு வேறு. பின்னதைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத் தளத்தில் அன்றே திறந்து பாருங்கள். பெயர், தேதி, லக்கேஜ், டிக்கெட் எண் நான்கும் தெரிய வேண்டும். தொடர்பு விவரம் உங்களுடையதாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். சைவ உணவு, சக்கர நாற்காலி போன்ற கோரிக்கைகளையும் அங்கேயே பதியுங்கள். உணவுக்குப் பொதுவாக 24 மணி நேரம், சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும். 24 மணி நேரமாகியும் டிக்கெட் எண் வரவில்லை என்றால் காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். "விலை ஏறிவிட்டது, மீதியைக் கட்டுங்கள்" என்று பதில் வந்தால், முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு வேறிடத்தில் வாங்குவதே நல்லது.

அமெரிக்காவில், புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் இலவசமாக ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அதே விலையில் இருக்கையை நிறுத்தி வைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். இந்த விதி ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்தாது. சிலர் தாங்களாகவே கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை.

மாதக்கணக்கில் முன்னால் வாங்கிய டிக்கெட்டில் நேர மாற்றம் வருவது சாதாரணம். அறிவிப்பு ஏஜென்சியின் கணினிக்குப் போகும்; அவர்கள் பார்த்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். புதிய நேரத்தை ஏற்றுக்கொண்டாலும் வேலை முடிவதில்லை. பதிவில் இருக்கும் விமானமும் டிக்கெட்டில் இருக்கும் விமானமும் ஒத்துப்போகும்படி ஏஜென்சி டிக்கெட்டை மறுவெளியீடு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் இருக்கை உறுதி என்றே திரையில் தெரியும், ஆனால் செக்-இன் செய்யும்போது டிக்கெட் இல்லை என்று இயந்திரம் மறுக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பும் விமான நிறுவனத் தளத்தில் திறந்து பாருங்கள்.

உதவிக்குக் கூப்பிடும் எண்ணைத் தேடல் பக்கத்தில் தேடாதீர்கள். ஏஜென்சியின் பெயரில் விளம்பரம் போட்டு, "மாற்றக் கட்டணம்" என்று கார்டு விவரம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் உள்ள எண் மட்டுமே சரியானது.

ரத்து செய்தால் இரண்டு கட்டணம் பிடிக்கப்படலாம்: விமான நிறுவனத்தின் அபராதம் ஒன்று, ஏஜென்சியின் சேவைக் கட்டணம் ஒன்று. திரும்பத் தராத டிக்கெட்டிலும் பயன்படுத்தாத விமான நிலைய வரிகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். புறப்பாட்டுக்கு முன்பே ரத்து செய்யுங்கள். வராமல் விட்டால் பல கட்டணங்களில் எல்லாம் போய்விடும். போகும் விமானத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டின் திரும்பும் விமானமும் ரத்தாகும்.

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் பணம் யாரிடமிருந்து வரும் என்பது பெரும்பாலும் உங்கள் கார்டு அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2024-ல் வந்த விதி இதையே அடிப்படையாகக் கொள்கிறது: ஏஜென்சியின் பெயரில் பணம் எடுக்கப்பட்டிருந்தால் ரீஃபண்டு தரும் பொறுப்பு ஏஜென்சிக்கு. ஐரோப்பாவின் 261/2004 விதிப்படி கிடைக்கும் 250, 400, 600 யூரோ இழப்பீடு வேறு விஷயம். அதை விமானத்தை இயக்கிய நிறுவனத்திடமே நீங்கள் நேரடியாகக் கேட்கலாம், ஏஜென்சி நடுவில் தேவையில்லை. சொன்ன கெடு தாண்டியும் ரீஃபண்டு வராவிட்டால், விமான நிறுவனம் ரத்து செய்ததற்கான மின்னஞ்சல், ஏஜென்சிக்கு நீங்கள் எழுதிய கோரிக்கை, அவர்கள் பதில் மூன்றையும் சேர்த்துக் கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். அதற்கும் காலக்கெடு உண்டு என்பதால், "இன்னும் சில வாரம் பொறுங்கள்" என்று ஏஜென்சி எழுதிக்கொண்டே இருந்தால் வங்கியிடம் கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.