கவிதைக்குப் பதில் எழுதுதல்

கொங்கு நாட்டில் கவிதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவையே எடுத்துக்கொண்டால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர், சோமனூரில் விசைத்தறி ஓட்டும் தம்பி ஒருவர், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர், பெருந்துறைப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கோபிசெட்டிபாளையத்திலிருந்து நான் என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறோம். யாருக்கும் கவிதை தொழில் அல்ல. பலருடைய பெயர் அச்சில் வந்ததே இல்லை. எழுதுவதில் எவருக்கும் தயக்கமும் இல்லை. ஆனால் இன்னொருவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவருக்குப் பயன்படும்படி நாலு வரி சொல்லுங்கள் என்றால் குழுவே வாயடைத்துப் போய்விடும். கவிதை எழுதுவதைவிடக் கவிதைக்குப் பதில் எழுதுவதே கடினம் என்பதும், அதுவும் பழகித்தான் வரும் என்பதும் இந்தக் குழுவில் இருந்து நான் தெரிந்துகொண்டவை.

தொடக்கத்தில் எங்கள் பதில்கள் எல்லாக் குழுக்களிலும் இருப்பவைபோலத்தான் இருந்தன. விடிகாலையில் ஒருவர் இருபது வரிக் கவிதையைப் போடுவார். அதைப் படித்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் கை தட்டும் படம் வந்து நிற்கும். பின்னாலேயே ரோஜாப்பூ, "அருமை", "மிகச் சிறப்பு", "வாழ்த்துகள் கவிஞரே" என்று வரிசையாக வரும். இதில் எங்கள் பக்கத்து மரியாதைக்கும் பங்கு உண்டு. முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்களுக்கு வராது. நேரில் என்றால் "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சற்று இழுத்துச் சொல்லுவோம். அந்த இழுப்பில் உள்ள ஐயத்தைக் கேட்பவர் தாமே புரிந்துகொள்வார். கைப்பேசித் திரையில் அந்த இழுப்பு ஏறுவதில்லை. வெறும் பாராட்டாகவே போய்ச் சேர்கிறது.

இதைவிட வேடிக்கையான பதில் ஒன்று உண்டு. கவிதையைச் செய்தியாக எடுத்துக்கொள்வது. பிரிவைப் பற்றி யாராவது எழுதினால், "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா அக்கா?" என்று கேள்வி வரும். இறந்துபோன தந்தையைப் பற்றிய கவிதை ஒன்றுக்கு அடுத்தடுத்து ஆழ்ந்த இரங்கல்கள் குவிந்தன. எழுதியவரின் தந்தை அந்த நேரத்தில் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் எழுதும் காதல் கவிதைகளுக்கு இது வேடிக்கையோடு நிற்பதில்லை. குழுவில் ஒரு சொல்லும் எழுதாதவர்கள் தனிச்செய்தியில் வந்து நலம் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் புனைபெயருக்கு மாறியவர்களும் உண்டு, காதலைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டவர்களும் உண்டு. கவிதையைப் பற்றிச் சொல்ல வேண்டியது எதுவானாலும் எல்லோரும் பார்க்கப் பொதுவில்தான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கட்டுப்பாடு வைத்ததற்கு முதற்காரணம் இதுதான். கட்டுப்பாட்டை மீறியவர்களை வெளியேற்றினோம். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

பதில் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெளிவானது செக்கிங் அக்காவின் ஒரு கவிதையால். அவர் அனுமதியோடு அதை இங்கே தருகிறேன். முதலில் அவர் எழுதியது இது:

ஆயிரம் சட்டைகளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
ஓட்டையுள்ளதைத் தனியே வைத்தேன்.
இரவு வீட்டில்
மகளின் பாவாடையைத் தைக்கக்
கண் தெரியவில்லை.
உழைப்பவர் வாழ்வு இப்படித்தான்
உலகமே நீ உணர்வாய்!

வழக்கம்போல் கைதட்டல்கள் விழுந்தன. பிறகு தமிழாசிரியர் ஐயா, "கடைசி இரண்டு அடியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கம்மா" என்று மட்டும் எழுதினார். சோமனூர்த் தம்பி வேறொன்று கேட்டார்: "கண் தெரியலைன்னா கரண்ட் இல்லையாக்கா, இல்லை கண்ணே போயிருச்சா?" அதற்கு அக்கா, கம்பெனியில் மேசைக்கு மேலேயே டியூப்லைட் இருக்கும், வீட்டில் அந்த வெளிச்சம் கிடையாது, ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன் என்று விளக்கினார். "அப்ப அதையே எழுதுங்கக்கா" என்றார் தம்பி. மண்டியில் கணக்கு எழுதுகிறவர் இதை ஒப்பவில்லை. கடைசி இரண்டு அடிகள்தாம் கவிதையின் செய்தி, அவற்றை வெட்டினால் அது ஒரு வீட்டுச் சங்கடமாகச் சுருங்கிப்போகும் என்று அவர் வாதாடினார். இரவு வரை இழுபறி நீடித்தது. மறுநாள் அக்கா இப்படிப் போட்டார்:

ஆயிரம் சட்டைகளைத்
திருப்பித் திருப்பிப் பார்த்து
ஓட்டையுள்ளதைத் தனியே வைத்தேன்.
இரவு,
மகளின் பாவாடைக் கிழிசலுக்கு
நாலு முறை நாவில் நனைத்தும்
ஊசிக்குள் போகவில்லை நூல்.

இரண்டாவது வடிவமே மேல் என்பது என் கட்சி. நாவில் நனைக்கும் நூல் முதல் வடிவில் இல்லை. தம்பி கேட்ட அந்தச் சாதாரணக் கேள்விதான் அதை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. பாராட்டியவர்கள் யாரும் அந்தக் கவிதைக்கு ஒன்றும் செய்யவில்லை. மண்டிக்காரர் இன்றும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று அக்கா சொன்ன ஒன்று குழுவில் சட்டம்போல் நிலைத்துவிட்டது. "கம்பெனியில பீஸ் நல்லாயில்லைன்னு யாரும் பொதுவா சொல்றதில்லீங்க. எந்த எடத்துல டேமேஜோ அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டித்தான் தள்ளுவோம்" என்றார். அதன் பிறகு, நன்றாக இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும், எந்த வரி என்று காட்டாமல் யாரும் பேசக்கூடாது என்றானது.

அந்தக் கடைசி இரண்டு அடிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலகத்தை அழைத்துக் கவிதையை முடிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் வலுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வெளிவரத் தொடங்கியது. 'விலையிலாக் கவிமடல்' என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்த இதழைச் சுற்றிப் புவியரசு, சிற்பி, ஞானி போன்ற ஆசிரியர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரண்டனர். புதுக்கவிதையைப் படித்தவர் சிலரின் கையிலிருந்து மேடைக்கும் கல்லூரிக்கும் கொண்டு சேர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குரலை உயர்த்திப் பேசுகிறார்கள், முழக்கமாகிவிடுகிறது என்ற குறையும் அன்றே அவர்கள்மேல் சொல்லப்பட்டது. கல்லூரி மேடைகளில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் மாணவர்களும்தாம் இன்று குழுக்களில் எழுதுகிறார்கள். மேடையில் கடைசி வரி முழங்கினால்தான் கை தட்டுவார்கள். தனியே உட்கார்ந்து திரையில் படிப்பவருக்கு அந்த முழக்கம் வேண்டியதில்லை. விலை வைக்காமல் கவிதையைக் கைக்குக் கை அனுப்பும் வழக்கத்தை வேண்டுமானால் வானம்பாடிக்காரர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குறையைச் சொல்வதற்கு எங்களிடம் சொற்கள் இல்லை என்ற நிலைமையை மாற்றியவர் தமிழாசிரியர் ஐயா. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது எங்கள் பக்கத்தில் வழங்கிவரும் கருத்து. ஐயாவுக்கு அதில் அளவற்ற பெருமை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. ஐயா இதைக் குழுவின் முகப்பில் போட்டு வைத்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பட்டியல், கவிதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வியக்கும் வகையில் பொருந்தியது. "உங்கள் கவிதை பிடிக்கவில்லை" என்றால் மனம் புண்படும். "நாலாம் அடியில் மற்றொன்று விரிந்துவிட்டதுங்க" என்றால் எழுதியவர் நாலாம் அடியைத்தான் போய்ப் பார்ப்பார். எங்களிடம் அதிகம் அடிபடுவது சென்று தேய்ந்து இறுதல். தொடக்கத்தில் வேகமாகக் கிளம்பி, பாதியில் சரக்குத் தீர்ந்து, அறிவுரையில் போய் முடங்கும் கவிதைகள் அவ்வளவு வருகின்றன.

அது கவிதைக்கென்று வகுத்த பட்டியல் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கூறியது கூறல் குற்றம் என்று ஒருவர் சுட்டியபோது, "தாலாட்டுல சொன்னதையே சொல்லாட்டிப் பிள்ளை எப்படீங்க தூங்கும்?" என்று சோமனூர்த் தம்பி கேட்டார். ஐயா அதற்கு ஒரு ரோஜாப்பூ போட்டார். ரோஜாப்பூவும் எப்போதாவது பொருத்தமாக அமையும்போல.

மரபுக்கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. வெண்பாவில் பிழையைக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை, தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி, பார்க்கத் தெரிந்தால் போதும். ஒருவர் ஈற்றடி கொடுத்து மற்றவர்கள் பாடலை நிரப்புவது எங்கள் குழுவில் அவ்வப்போது நடக்கும். மண்டிக்காரர் ஒருமுறை 'மஞ்சள் வாசம்' என்று தொடங்கினார். மஞ்சள் தேமா என்னும் சீர் வகை, அதற்குப் பின் நிரை (இரண்டு உயிரோசை கொண்ட அசை) வர வேண்டிய இடத்தில் வாசம் என்று நேர் (ஒற்றை உயிரோசை கொண்ட அசை) வந்து நிற்கிறது. 'மஞ்சள் மணக்கும்' என்று ஐயா மாற்றிக் கொடுத்தார். தளையும் சரியானது, மோனையும் சேர்ந்தது. மண்டிக்காரருக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் பிழை என்று சொன்னது ஐயா அல்ல, யாப்பு. புதுக்கவிதையில் அப்படிக் கைகாட்ட ஒன்றும் இல்லாததால்தான், சொல்பவர் தம் பெயரிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு அஞ்சித்தான் எல்லோரும் கை தட்டும் படத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம் என்பது என் கணிப்பு. ஹைக்கூ என்ற பெயரில் வரும் மூன்று வரிக் கவிதைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பாரதி 1916-இல் ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதியபோது, ஒரே வாக்கியத்தை மூன்றாக மடித்துக் காலை வணக்கத்தோடு அனுப்புவார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்.

கைப்பேசியும் தன் பங்குக்குக் குழப்பம் செய்கிறது. ஐயா எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிப்பவர். நீளமான அடி அவர் திரையில் இரண்டாக உடைந்து விழும். எழுதியவர் உடைக்காத இடத்தில் அடி உடைந்திருக்கிறது என்று அவர் ஒருமுறை நீண்ட கண்டனம் எழுதிவிட்டார். அதற்குத் தீர்வாகச் சிலர் கவிதையைப் படமாக்கிப் போட்டார்கள். அடிகள் அப்படியே நின்றன; ஆனால் பின்னணியில் சூரியோதயமும் நீர்வீழ்ச்சியும் வந்து சேர்ந்தன. அதோடு படத்திலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக் காட்டிப் பேச முடிவதில்லை. இப்போது எழுத்தாகவே போடுகிறோம், அடிகளுக்கு எண் கொடுத்து.

ஒருவர் தம் கவிதையைப் போடுமுன் வேறு இருவருடைய கவிதைக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும் என்பது பிறகு வந்த ஏற்பாடு. கவிதைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது, சிலர் விலகினார்கள். போட்டவர் மாலை வரை தம் கவிதைக்கு விளக்கம் சொல்லக்கூடாது என்பது இன்னொன்று. விளக்கம் வந்துவிட்டால் எல்லோரும் அந்த விளக்கத்துக்குத்தான் பதில் எழுதுகிறார்கள், கவிதையை விட்டுவிடுகிறார்கள். தம்பியின் கேள்விக்கு அக்கா உடனே பதில் சொன்னதால்தானே நூல் கிடைத்தது என்று இதற்கு மறுப்பும் உண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காமல் சொல்லக்கூடாது என்று இப்போதைக்குச் சமாதானமாகியிருக்கிறோம்.

இதற்கிடையில் வேறு குழுக்களில் கவிதைப் போட்டி வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள். கலந்துகொண்ட அனைவருக்கும் சான்றிதழ் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது, கவி என்று தொடங்கும் ஏதாவதொரு பட்டத்தோடு. பணம் கட்டினால் தொகுப்பில் ஒரு பக்கமும் கிடைக்கும். ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் காட்டி மகிழ ஒரு தாள் வேண்டும் என்பது இயல்பு. ஆனால் அந்தத் தொகுப்புகளில் இருக்கும் எந்தக் கவிதையையும் யாரும் திருத்தச் சொல்லிக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஈரோட்டில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவை ஒட்டி எங்களில் பலர் நேரில் சந்திப்பது உண்டு. இந்த முறை ஒரு சிறு நூல் போடலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. கவிதைகளை மட்டும் போடுவதில் எனக்கு நாட்டம் இல்லை. முதல் வடிவம், அதற்கு வந்த பதில்கள், சண்டை, திருத்திய வடிவம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். தம் முதல் வடிவம் அச்சில் வருவதை யார் விரும்புவார்கள் என்று தென்னந்தோப்புக்காரர் கேட்கிறார். அக்கா தம் கவிதையைத் தரச் சம்மதித்துவிட்டார். மண்டிக்காரரும் சரி என்றிருக்கிறார், கடைசி இரண்டு அடிகள் இருக்கட்டும் என்ற அவருடைய வாதம் ஒரு சொல்கூட வெட்டப்படாமல் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு.